“உனக்கு ஒன்றுமில்லை” என்பது உண்மையா?



இது ஒரு வீட்டின் கதை அன்று. பல ஆண்டுகளாகப் பங்கு மனைக்கு வந்த தாய்மாரும் பிள்ளைகளும் சொன்னவற்றை, எவரையும் இன்னார் என்று அடையாளங் காண இயலாதவாறு ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன்.

பதினாறு வயது மாணவி ஒருத்தி. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். ஒரு மாலை ரியூசன் வகுப்பில் கணக்குச் செய்து கொண்டிருக்கையில், காரணம் எதுவுமின்றி நெஞ்சு படபடக்கத் தொடங்குகிறது. மூச்சு முட்டுகிறது. விரல்கள் விறைத்து ஊசி குத்துவது போல் இருக்கின்றன. தலை சுற்றுகிறது. பக்கத்தில் இருக்கும் தோழியின் குரல் எங்கோ தொலைவிலிருந்து வருவது போல் கேட்கிறது. ‘நான் சாகப் போகிறேன்’ என்ற எண்ணம் ஒன்றே மனதில் நிற்கிறது. ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுகிறார்கள். போய்ச் சேருமுன்பே பாதி தணிந்து விடுகிறது. ஈ. சி. ஜி. எடுத்துப் பார்த்த வைத்தியர், “பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கூட்டிக் கொண்டு போங்கோ” என்கிறார்.

பத்து நாள் கழித்து ஞாயிறு திருப்பலியில், சனம் நிறைந்த கோவிலில், மறுபடியும் அதுவே வருகிறது. பின்னர் ஒரு நாள் நள்ளிரவில், உறக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டு வருகிறது. அதன் பிறகு தாய் பிள்ளையை அழைத்துக் கொண்டு என்னிடம் வருகிறார்.

“சுவாமி, டொக்டர் ஒண்டுமில்லை எண்டு சொல்லிப் போட்டார். இவள் சாகப் போறன் எண்டு கத்துறாள். படிக்கிறதுக்குக் கள்ளமோ, இல்லாட்டி வேறை ஏதும் பிடிச்சிட்டுதோ தெரியேல்லை.”

அருகில் தலை குனிந்து இருக்கும் பிள்ளை ஒரேயொரு வசனம் சொல்கிறாள்: “நான் நடிக்கேல்லை சுவாமி.”

இந்த ஒரு வசனத்துக்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம் என்பதே இன்று சிந்திக்க வேண்டிய கேள்வி. இதில் மருத்துவம் உண்டு, அறநெறியும் உண்டு. ஒருவர் ‘எனக்கு நோகிறது’ என்று சொல்லும்போது, அந்த நோவை நம் கண்ணும் கருவியும் காணாத நிலையில், அவருக்கு நாம் கடமைப்பட்டிருப்பது என்ன?

நடப்பது என்ன?

பிள்ளைகள் ‘பனிக் அற்றாக்’ என்று சொல்லும் இதனைத் தமிழில் பீதித் தாக்கம் எனலாம். திடீரெனக் கடும் அச்சம் எழும்பிச் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்து விடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கைநூல் இதற்குப் பதின்மூன்று அறிகுறிகளைச் சொல்கிறது. நெஞ்சு படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, நெஞ்சு நோ, குமட்டல், தலைச்சுற்று, குளிர் அல்லது சூடு, விறைப்பு, சூழவுள்ளவை மெய்யல்ல என்ற உணர்வு, புத்தி பேதலிக்கப் போகிறது என்ற அச்சம், சாவு வருகிறது என்ற அச்சம் ஆகியவையே அவை. இவற்றில் நான்கேனும் ஒருங்கே தோன்றினால் அது பீதித் தாக்கம். இத்தகைய தாக்கம் காரணமின்றித் திரும்பத் திரும்ப வந்து, ‘இனி எப்போது வருமோ’ என்ற ஏக்கம் ஒரு மாதமாவது நீடித்தால், அல்லது அதற்குப் பயந்து பிள்ளையின் நடைமுறையே மாறிவிட்டால், அது பீதி நோய் எனப்படும். இந்த நோய் தனிப் பெயருடன் அந்தக் கைநூலில் இடம்பெற்றது 1980 ஆம் ஆண்டில்தான். பெயர் புதிது; துன்பம் பழையது.

உடலில் நடப்பதை அறிய ஒரு வீட்டு நாயை நினைத்துக் கொள்ளுங்கள். நள்ளிரவில் அது எழுந்து வெறி கொண்டு குரைக்கிறது. வீட்டார் எல்லோரும் எழும்பி விளக்கைப் போடுகிறார்கள். முற்றத்தில் கள்ளன் இல்லை. ஒரு தென்னோலை விழுந்து கிடக்கிறது. நாய் குரைத்தது உண்மை. கள்ளன் வந்தது உண்மையன்று.

நம் உடலிலும் இத்தகைய காவல் ஒன்றுண்டு. ஆபத்து வரும்போது போரிடவோ ஓடவோ உடல் தன்னை எவ்வாறு ஆயத்தப்படுத்துகிறது என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வோல்ரர் கனன் 1915 இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. கால்களுக்கு இரத்தம் அனுப்புவதற்காக இதயம் விரைகிறது. மூச்சு வேகமெடுக்கிறது. பாம்பைக் கண்டால் இவை யாவும் நமக்கு உதவும். பீதித் தாக்கத்தில் பாம்பு இல்லாமலே இவை யாவும் நடந்தேறுகின்றன. இருந்த இடத்தில் இருந்து கொண்டே வேகமாக மூச்சு விடுவதனால் இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டின் அளவு குறைகிறது, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது, விரல்களும் உதடும் விறைக்கின்றன. பிள்ளை சொன்ன ஒவ்வொன்றும் உடலில் மெய்யாகவே நடக்கிறது. அவள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

இதற்கு மேல் இன்னொன்று சேர்கிறது. ஆங்கிலேய உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986 இல் இதனை எடுத்துக் காட்டினார். படபடப்பை உணர்ந்த மனம், ‘இதயம் நிற்கப் போகிறது’ என்று அதற்குத் தவறான பொருள் கொடுக்கிறது. அந்தப் பொருளினால் அச்சம் கூடுகிறது. அச்சம் கூடப் படபடப்பும் கூடுகிறது. நாயின் குரைப்பைக் கேட்டு வீட்டார் கூக்குரலிட, வீட்டாரின் கூக்குரலைக் கேட்டு நாய் இன்னும் உரத்துக் குரைப்பது போன்றது இது.

ஆகவே வைத்தியர் சொன்ன ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லில் பாதி உண்மை உண்டு. இதயம் பழுதடையவில்லை, பிள்ளை சாகப் போவதில்லை. ஆனால் அதே சொல்லை நாம் வீட்டில், ‘உனக்கு எதுவுமே நடக்கவில்லை’ என்ற பொருளில் திருப்பிச் சொல்லும்போது அது பொய்யாகி விடுகிறது. அவளுக்குப் பெரியதொன்று நடந்திருக்கிறது.

நடிப்பா, பேயா?

பெண்பிள்ளைகளுக்கே இது கூடுதலாக வருகிறது என்பது மெய்தான். பீதி நோய் ஆண்களை விடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது. 1992 இல் அமெரிக்காவில் எழுநூறுக்கும் அதிகமான பாடசாலைச் சிறுமிகளிடம் நடத்திய ஆய்வொன்றில், ஒரே வயதுச் சிறுமிகளுக்குள்ளும் பருவ வளர்ச்சி முன்னேறியவர்களிடமே இத்தாக்கம் கூடுதலாகக் காணப்பட்டது. உடல் மாறும் காலத்தில் காவல் நாயும் சிறு சத்தத்துக்கே விழித்துக் கொள்கிறது போலும்.

ஆனால் இதை வைத்து ‘பெட்டையளின்ரை பாசாங்கு’ என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்குபற்றிய போர்வீரர் பலர் படபடப்பு, நெஞ்சு நோ, மூச்சுத் திணறல் என்று வைத்தியசாலைக்கு வந்தார்கள். ஜேக்கப் டா கொஸ்ரா என்ற வைத்தியர் அவர்களைப் பரிசோதித்து, இதயத்தில் நோய் எதுவும் காணாமல், 1871 இல் அதைப் பற்றி எழுதினார். துப்பாக்கி ஏந்திய ஆண்களுக்கு வந்ததைப் பாசாங்கு என்று சொல்ல நமக்கு வாய் வராது. நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் மட்டும் சொல்லத் துணிகிறோம்.

நடிப்பு என்ற பழி ஒரு பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்யும் என்பதற்கு நாம் யாவரும் அறிந்த ஒரு சிறுமியே சாட்சி. குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் நான்கு வயதில், 1877 இல், தாயை இழந்தார். தாய்க்குத் தாயாயிருந்த அக்காள் பவுலின் 1882 இல் கார்மேல் மடம் புகுந்தார். அடுத்த ஆண்டு, பத்து வயதில், தெரேசாவுக்கு நடுக்கமும் பயங்கரத் தோற்றங்களும் கொண்ட விநோதமான நோய் ஒன்று கண்டது. மே 13 ஆம் நாள் மாதாவின் சுரூபத்தின் முன் குணமடைந்தார். அந்த நோய்க்கு இன்று நாம் பெயர் சூட்ட வேண்டியதில்லை. நான் கவனிக்கச் சொல்வது அதற்குப் பின் நடந்ததை. ‘நான் வேண்டுமென்றே நோயாளியானேனோ’ என்ற சந்தேகம் அச்சிறுமியை நெடுங்காலம் வாட்டியது. 1888 இல், பதினைந்து வயதில், மடம் புகுந்த பின்னரே அந்த வேதனை நீங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். அன்பாகப் பராமரித்த ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கே இந்த நிலை என்றால், வீட்டாரே ‘நடிக்கிறாய்’ என்று சொல்லும் பிள்ளைக்கு என்ன நேரும்? சில நாளில் அவளே தன்னை நம்ப மாட்டாள்.

அடுத்தது பேய். ‘வேறை ஏதும் பிடிச்சிட்டுதோ’ என்று தாய் கேட்டதை நான் ஏளனம் செய்யவில்லை. கண் முன்னே பிள்ளை உருமாறுவதைக் கண்ட பயத்தில் கேட்ட கேள்வி அது. ஆனால் நூல் கட்டவும் மந்திரிக்கவும் கொண்டு திரிவதால் நேர்வது யாது? ‘உனக்குள் உன்னை விடப் பெரிய ஏதோ ஒன்று இருக்கிறது’ என்று அந்தப் பிள்ளைக்கு நாமே கற்பிக்கிறோம். திருச்சபை இதில் எத்துணை நிதானம் காட்டுகிறது என்பதை நினைவிற் கொள்க. மறைமாவட்ட ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி இன்றி எவரும் பேயோட்டும் சடங்கை நடத்தலாகாது என்று 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1172 ஆம் இலக்கம் கட்டளையிடுகிறது. நோயையும் பேயையும் குழப்பிக் கொள்ளக் கூடாது என்பதே இக்கட்டுப்பாட்டின் நோக்கங்களுள் ஒன்று.

பயம் பாவமா?

இங்கே என் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். குருவாகிய தொடக்க ஆண்டுகளில், இதே துன்பத்தோடு வந்த ஒரு மாணவியிடம், “விசுவாசம் கூடினால் பயம் போய்விடும் மகள், இன்னும் கூடச் செபம் செய்” என்று சொல்லி அனுப்பினேன். அவள் செபித்தாள். பயம் போகவில்லை. என்னிடம் வரும்போது அவளுக்கு ஒரு சுமை இருந்தது. திரும்பிப் போகும்போது இரண்டாயிற்று: நோய் ஒன்று, விசுவாசமற்றவள் என்ற எண்ணம் மற்றொன்று. குருமடத்தில் நான் படித்ததைக் கூட அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

படித்தது இதுதான். அச்சம், கோபம், துக்கம் போன்ற உணர்ச்சிகள் தம்மளவில் நன்மையும் அல்ல, தீமையும் அல்ல. அறிவும் மனச் சம்மதமும் அவற்றை வழிநடத்தும் அளவிற்கே அவை அறநெறிக்கு உட்படுகின்றன. புனித தோமாஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இதை விளக்கினார். 1992 ஆம் ஆண்டுத் திருச்சபை மறைக்கல்வி நூலும் 1767 ஆம் பிரிவில் இதையே கூறுகிறது. கேளாமல் வரும் படபடப்புக்கு யார் சம்மதம் கொடுத்தார்? சம்மதமில்லாத இடத்தில் பாவமில்லை. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே கலங்கி நடுங்கினார் என்று நற்செய்தி சொல்கிறது. அவரிடம் விசுவாசக் குறைவு இருந்தது என்று எவரும் சொல்லத் துணியார்.

மனத்துணிவு என்ற நற்பண்பைப் பற்றியும் அக்குவினாஸ் கூறுவது கவனிக்கத் தக்கது. துணிவின் தலையாய செயல் எதிர்த்துத் தாக்குவதன்று. தாங்கி நிற்பதே என்கிறார். பல நூற்றாண்டு கழித்து, 1962 இல், அவுஸ்திரேலிய வைத்தியர் கிளேர் வீக்ஸ் என்னும் பெண்மணி பதகளிப்பு நோயாளருக்கென எழுதிய நூலிலும் ஏறக்குறைய இதையே காண்கிறோம். அச்சத்தோடு மல்லுக் கட்டாதே. அதற்கு முகங் கொடு, வந்ததை ஏற்றுக்கொள், அலையின் மேல் மிதப்பது போல் மித, நேரம் போக விடு என்பதே அவருடைய அறிவுரை. இருவரும் சந்தித்ததில்லை, கண்டது ஒன்றே.

நம்புவது வேறு, இணங்குவது வேறு

பெற்றோர் சிலர் நியாயமான ஒரு தடையை எழுப்புவர். “நம்பினால் இடங் கொடுத்ததாகி விடும் சுவாமி, பிறகு பள்ளிக்கூடமும் போகாள், பரீட்சையும் எழுதாள்.” இதை நான் தள்ளிவிட மாட்டேன். இதில் உண்மை இருக்கிறது. ரியூசனில் வந்ததென்று ரியூசனை நிறுத்தி, கோவிலில் வந்ததென்று கோவிலை நிறுத்தி, பஸ்ஸில் வந்ததென்று பஸ்ஸை நிறுத்தினால், கடைசியில் அவளுக்கு மிஞ்சுவது ஓர் அறை மட்டுமே. ஒதுங்க ஒதுங்க அச்சம் பெருகும் என்பது மருத்துவர்களும் ஒப்புக்கொண்ட உண்மை.

ஆனால் இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்தறிய வேண்டும். பிள்ளையை நம்புவது ஒன்று. பிள்ளையின் அச்சம் சொல்லும் செய்தியை நம்புவது வேறொன்று. நாய் குரைத்ததை நம்ப வேண்டும். கள்ளன் வந்தான் என்பதை நம்ப வேண்டியதில்லை. “உனக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, மெத்தப் பயமாக இருக்கிறது, எனக்குத் தெரியும், மகள்” என்பது அவளை நம்புவது. “ஆனால் நீ சாகப் போவதில்லை, நாளைக்கு வகுப்புக்குப் போவோம், நான் வாசல் மட்டும் வாறன்” என்பது அச்சத்தை நம்ப மறுப்பது. முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொன்னால் அது கொடுமை. இரண்டாவதை விட்டு முதலாவதை மட்டும் சொன்னால் அது பலவீனம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதே உண்மையும் அன்பும் சேர்ந்த சொல்.

எங்கள் நாட்டில் இதற்கு இன்னொரு தடையும் உண்டு. “நாங்கள் ஷெல்லடிக்குள்ளை, பங்கருக்குள்ளை இருந்து படிச்சனாங்கள். ஃபானுக்குக் கீழை இருந்து படிக்கிற உனக்கு என்ன பயம்?” என்று கேட்கும் தாய் தந்தையர் பலர். உங்கள் வேதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்று பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது. வானத்தில் அதைக் காட்ட முடிந்தது. ஒதுங்க ஒரு பங்கர் இருந்தது. ஊரே சேர்ந்து பயந்தது. இந்தப் பிள்ளையின் பயத்துக்குப் பெயரில்லை, பங்கர் இல்லை, துணைக்கு ஊரும் இல்லை. போர் 2009 இல் முடிந்தும், வெடிச் சத்தம் கேட்டால் இன்றும் திடுக்கிட்டு எழும் தாய்மார் நம் பங்குகளில் இருக்கிறார்கள். உங்கள் காவல் நாயும் இன்னும் உறங்கவில்லை அல்லவா? அதை அறிந்த உங்களை விட இந்தப் பிள்ளையை விளங்கிக் கொள்ள ஏற்றவர் வேறு யார்? தேவையானால் நீங்களும் வைத்தியரிடம் போவதில் வெட்கமில்லை.

அந்தச் சில நிமிடங்களில்

தாக்கம் வரும்போது செய்ய வேண்டியவை சில. கூட்டத்தை விலக்குங்கள். ஒருவர் மட்டும் அருகில் இருந்து, தணிந்த குரலில், குறைந்த சொற்களில் பேசுங்கள். “இது முந்தி வந்தது தான். வந்தது போலை போகும். நான் இஞ்சை இருக்கிறன்” என்பது போதும். ‘பயப்பிடாதை’ என்று அதட்டினால் பயம் போகாது. மூக்கால் மெதுவாக மூச்சை எடுத்து, அதை விட மெதுவாக வாயால் விடச் சொல்லி, நீங்களும் அவளோடு சேர்ந்து செய்யுங்கள். கடதாசிப் பைக்குள் மூச்சு விடும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள்; தொய்வு போன்ற வேறு நோயாக இருந்தால் அது ஆபத்தாகும். இயன்றால் தாக்கம் தணியும் வரை அந்த இடத்திலேயே இருங்கள். ஓடிவிட்டால், அந்த இடமே அவளுக்குப் பயமாகி விடும். தணிந்த பிறகு குறுக்கு விசாரணை வேண்டாம். ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்து, அவள் செய்து கொண்டிருந்த வேலைக்கு ஆறுதலாகத் திரும்ப விடுங்கள்.

செபிக்கலாமா என்று கேட்பீர்கள். செபியுங்கள். அச்சத்தை விரட்டும் மந்திரமாக அன்றி, அச்சத்தின் நடுவிலும் அவள் தனித்தில்லை என்று சொல்வதற்காகச் செபியுங்கள்.

வைத்தியரிடம் போவது

முதன்முறை வந்தவுடன் வைத்தியரிடம் காட்டுவது கடமை. தைரொயிட் சுரப்பியின் மிகைச் செயற்பாடு, இரத்தச் சோகை, தொய்வு, இதயத் துடிப்பில் ஏற்படும் கோளாறு ஆகியவையும் இதே வேடத்தில் வரலாம். இராக் கண்விழித்துப் படிப்பதற்காகக் குடிக்கும் கடுஞ்சாயத் தேநீரும் கோப்பியும் கூடப் படபடப்பைத் தரும். மெய்யாகவே மயங்கி விழுந்தாலோ, விளையாடும் போது நெஞ்சு நோவு வந்தாலோ, வலிப்புக் கண்டாலோ, குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ தாமதிக்க வேண்டாம். ஆனால் முறையாகப் பரிசோதித்து ‘இதயம் நலம்’ என்று அறிந்த பின், வைத்தியர் மாற்றி வைத்தியராக ஈ. சி. ஜி. எடுத்துத் திரிவதும் நோயை வளர்ப்பதே. அச்சத்தின் செய்தியை நாமே நம்புவதாகும் அது.

அடுத்து மனநல வைத்தியர். இங்கேதான் பல குடும்பங்கள் நின்று விடுகின்றன. “கலியாணம் பேசேக்கை ஆரும் அறிஞ்சால்?” என்று தயங்குகிறார்கள். பெற்றோரே, பிள்ளையின் பெயரைக் காப்பதற்காகப் பிள்ளையைக் கைவிடலாமா? இந்த நோய் குணமாகக் கூடியது. தவறான எண்ணத்தை அடையாளங் கண்டு, ஒதுங்கிய இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பப் பழக்கும் உளவியற் சிகிச்சை நல்ல பயன் தருகிறது. தேவைப்பட்டால் வைத்தியர் மருந்தும் கொடுப்பார்; அது பலன் தரச் சில வாரங்கள் செல்லும்; இடையில் தாமாக நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டாரின் நித்திரைக் குளிசையைக் கொடுப்பது பெருந் தவறு. அரசாங்க வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் தொலைபேசியில் பேசலாம்.

இன்னொன்றை மெதுவாகச் சொல்ல வேண்டும். பல பிள்ளைகளுக்கு இத்தாக்கம் குறிப்பிட்ட காரணமின்றியே வருகிறது. ஆயினும் சிலருடைய காவல் நாய் மெய்யான கள்ளனைக் கண்டே குரைக்கிறது. குறிப்பிட்ட ஒரு வகுப்பு, குறிப்பிட்ட ஒரு வீதி, வீட்டுக்கு வந்து போகும் குறிப்பிட்ட ஓர் ஆள், கைத்தொலைபேசியில் வரும் குறிப்பிட்ட ஓர் அழைப்பு என்று தாக்கம் ஓர் ஒழுங்கில் வருமானால், கவனியுங்கள். வற்புறுத்தாமல், தண்டிக்கப்பட மாட்டாள் என்று உறுதி கூறி, கேளுங்கள். அவள் பெயர் சொல்லும் ஆள் எவராயினும், அவர் ஆசிரியராயினும், உறவினராயினும், எங்களைப் போன்ற குருவானவராயினும், பிள்ளையின் பக்கமே நில்லுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இதற்கென்றே உள்ளது. அவ்வாறே, ‘இருந்து என்ன பயன்’ என்று ஒரு பிள்ளை ஒரு தடவை சொன்னாலும், அதை விளையாட்டாக எடுக்காமல் அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு மணி நேரம்

கெத்சமனியில் ஆண்டவர் தம் நண்பரிடம் கேட்டது என்ன? தம் வேதனையை அகற்றும்படி அவர்களிடம் கேட்கவில்லை. அதற்கு விளக்கமும் கேட்கவில்லை. தம்மோடு விழித்திருக்கும்படி மட்டுமே கேட்டார். அவர்கள் உறங்கிப் போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், களைத்தவர்கள். நாமும் பகலெல்லாம் வேலை செய்து களைத்தவர்களே. நள்ளிரவில் மூன்றாம் தடவையாகப் பிள்ளை வந்து எழுப்பும்போது, “உனக்கு ஒன்றுமில்லை, போய்ப் படு” என்ற சொல் தானாகவே வாயில் வரும்.

அந்த வேளையில் எழுந்து அவள் பக்கத்தில் இருங்கள். விழித்திருக்கும்படி சீடர்களிடம் கேட்டது ஒரு மணி நேரம். இந்தப் பிள்ளைக்கு அவ்வளவும் வேண்டியதில்லை. அனேகமாகக் கால் மணி நேரத்தில் அவளுக்கு மூச்சு ஆறுதலாக வந்துவிடும்.

என்னிடம் வந்த பிள்ளையின் வசனத்துக்கு அன்று நான் சொன்ன மறுமொழி, “நீ நடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும் மகள்” என்பதே. அவள் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். தாய் அழத் தொடங்கினார். அதன் பிறகே மூவரும் வைத்தியரைப் பற்றிப் பேச முடிந்தது.